மாவு மில் வாயை மூடியபோது

மாவுக்குட்டி பிறந்ததே மாவு மில் சத்தத்தில்தான். எல்லாக் குழந்தைகளையும் போல அவளும் பிறந்தவுடன் வீல் என்று அழுதாள். மில் ஓடிக்கொண்டிருந்ததால் அது யார் காதிலும் விழவில்லை. இந்த வீட்டில் இவ்வளவு மெல்லிய அழுகையெல்லாம் எடுபடாது என்று தெரிந்துகொண்டு, மறுநாளிலிருந்து அவள் கத்தி அழத் தொடங்கினாள். அந்தப் பழக்கம் பின்னால் பேச்சுக்கும் வந்துவிட்டது.

வீட்டின் முன்பக்கம் மில், பின்பக்கம் குடும்பம். நடுவில் ஒரு கதவு உண்டு. அதை மூடினாலும் ஒன்றுதான், திறந்தாலும் ஒன்றுதான்.

மெஷின் ஓட்டுவது அம்மா. மேலே இருக்கும் தொட்டியில் தானியத்தைக் கொட்டுவார். கீழே துணிக் குழாய் வழியாக மாவு இறங்கும்போது, ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்ப்பார். அப்பா மாவைச் சலிப்பார், டின்களை வரிசையாக வைப்பார். தம்பி பொடியன் இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. அதனால் பகல் முழுவதும் மில்லிலேயே இருந்து எல்லோருடைய வேலையையும் கெடுத்துக்கொண்டிருந்தான்.

மில்லின் பெல்ட்டில் ஓரிடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. சுற்றி வரும்போதெல்லாம் அந்த ஒட்டு ஒரு தட்டுத் தட்டும். கடகட டப், கடகட டப் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே பாட்டு.

ஒருமுறை பட்டப்பகலில் அந்த வீட்டுக்குத் திருடன் ஒருவன் வந்தான். மில் ஓடிய சத்தத்தில் அவனுடைய காலடிச் சத்தம் அவனுக்கே கேட்கவில்லை. உள்ளே வந்துவிட்டோமா, இன்னும் வெளியேதான் நிற்கிறோமா என்று குழம்பிப்போய், கொண்டுவந்த பையையும் போட்டுவிட்டு ஓடிவிட்டான். மாவுக்குட்டி இன்றைக்கும் அந்தப் பையில்தான் புத்தகம் கொண்டுபோகிறாள். நல்ல கெட்டியான பை.

அவள் படிக்கும் இடமும் மில்தான். மெஷினுக்குச் சற்றுத் தள்ளி, கவிழ்த்துப் போட்ட ஒரு டின். அதில் உட்கார்ந்துகொண்டு, "கடல் தண்ணி ஆவியாகி மேல போகும்!" என்று கத்துவாள். வரிசையில் நிற்பவர்கள், "போகட்டும், போகட்டும்!" என்று பதிலுக்குக் கத்துவார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பரீட்சை வந்தது.

ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதில் சேர வேண்டுமென்றால் ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும். மாவுக்குட்டி வீட்டில் இதுவரை யாரும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. அம்மா பாலம் வரை போயிருக்கிறார். அப்பா பள்ளிக்கூடத்தின் கேட் வரை போயிருக்கிறார், மாவு கொடுக்க. உள்ளே போய் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று மாவுக்குட்டிக்கு ரொம்ப ஆசை.

பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்னால், டீச்சர் பெற்றோரையெல்லாம் கூப்பிட்டுப் பேசினார்.

"பரீட்சை முடியற வரைக்கும் பிள்ளைங்களுக்கு வீட்டுல அமைதி வேணும். தயவுசெஞ்சு சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

மற்றவர்கள் வீட்டுக்குப் போய் டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். மாவுக்குட்டியின் அம்மா எதையும் கொஞ்சமாகச் செய்கிற ஆள் இல்லை. புருவத்தில் மாவோடு கடைசி வரிசையில் நின்று கேட்டவர், நேராக மில்லுக்கு வந்தார். பெரிய சுவிட்சைக் கீழே இழுத்தார்.

மில் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

எதிர்வீட்டில் பகல் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு எழுந்து, "ஐயோ, என்ன சத்தம் அது?" என்று கேட்டார்.

"இனிமே பரீட்சை முடிஞ்சுதான் மில்லு ஓடும்" என்றார் அம்மா. "எம்பொண்ணு படிக்கணும்."

"படிக்கட்டும்! படிக்கட்டும்!" என்று கத்திய அப்பா, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ரகசியக் குரலில், "நீ படி கண்ணு" என்றார்.

கூரைமேல் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்துபோயின.

ஏனென்றால் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ரகசியம் பேசத் தெரியாது. தேவைப்பட்டதே இல்லை. அம்மா காதோடு காதாகச் சொன்னால், கேட்டவருக்குச் சாயங்காலம் வரை காது அடைத்திருக்கும். அதனால் கையை ஆட்டிப் பேசிக்கொண்டார்கள். அப்பா உப்பு கேட்டபோது, ஏணி கேட்கிறார் என்று நினைத்து அம்மா ஏணியைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா உப்பில்லாமலே சாப்பிட்டார்.

சுவர்க் கடிகாரத்துக்கும் சத்தம் உண்டு என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"இது எப்பலேருந்து இப்படிப் பண்ணுது?" என்று அப்பா கோபப்பட்டு, அதைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

வீட்டுப் பூனை வெள்ளைப் பூனை. மில் நின்று மாவு பறப்பதும் நின்றதல்லவா? பூனை தன்னைத் தானே நக்கி நக்கிச் சுத்தமாகி, ஒருநாள் கன்னங்கரேலென்று வந்து நின்றது. "இது யாரு வீட்டுப் பூனை?" என்று அப்பா விரட்டிவிட்டார். அது வாசலில் உட்கார்ந்து வீட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

விஷயம் தெருவுக்கும் பரவியது. தையற்கடை அக்கா கையாலேயே தைக்க ஆரம்பித்தார். சைக்கிள் கடைக்காரர் மணி அடித்துப் பார்க்காமலே மணி மாட்டினார். கோதுமை டின்னோடு வந்தவர்கள் மில் வாசல்வரை வந்து, கை கூப்பி, டின்னைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். போகும்போது ஜன்னல் வழியாக மாவுக்குட்டியைப் பார்த்து, 'நல்லாப் படி' என்று தலையை ஆட்டினார்கள்.

மாவுக்குட்டி மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே புத்தகம். சுற்றிலும் அமைதி.

'கடல் தண்ணீர் ஆவியாகி மேலே போகும்' என்று படித்தாள். அது மேலே போனது. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பது தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து படித்தாள். மறுபடியும் மேலே போனது. நன்றாகத் தெரிந்த பாடம்! மில்லில் உட்கார்ந்து எத்தனை முறை கத்தியிருக்கிறாள்!

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டப். டப். டப்.

கடிகாரமா? அது பெட்டிக்குள் இருக்கிறது. குழாய் சொட்டுகிறதா? இல்லை. மாவுக்குட்டி நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். சத்தம் அங்கேயிருந்துதான் வந்தது. அவள் பிறந்ததிலிருந்து ஒருநாள்கூடத் தன் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டதில்லை. மில் எங்கே கேட்கவிட்டது? உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று அவள் பயந்துபோனாள். பயந்ததும் அது இன்னும் வேகமாக அடித்தது.

"பொடியா, இங்க வா" என்று கையாட்டிக் கூப்பிட்டாள். "இங்க காது வச்சுக் கேளு. என்ன அது?"

பொடியன் காதை வைத்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அக்கா! உள்ள மில்லு ஓடுது!"

"உஷ்ஷ்ஷ்!" என்று அம்மாவும் அப்பாவும் சேர்ந்து சொன்னார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"போடா" என்று அவனைத் தள்ளிவிட்டாள் மாவுக்குட்டி. அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் இந்த அமைதியில் எப்படி அழுவது? அதையும் விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் மாலை ரொட்டிக்கடை மாமா வந்தார். தெருவுக்கே ரொட்டி அவர் கடையிலிருந்துதான். அவருக்கு மாவு இந்த மில்லிலிருந்துதான். செருப்பைத் தெருமுனையிலேயே கழற்றி வைத்துவிட்டு, பூனை மாதிரி நடந்து வந்தார். வாசலில் இருந்த பூனை அவரை மரியாதையாகப் பார்த்தது.

கையில் ஒரே ஒரு ரொட்டி, சூடாக.

"மாவு தீந்துபோச்சு பாப்பா" என்று மெல்லச் சொன்னார். "டின்னைத் தட்டி, வழிச்சு, இருந்த கடைசி மாவுல இதைச் சுட்டேன். உனக்குத்தான். நல்லாச் சாப்பிட்டு நல்லாப் படி, என்ன?"

"அப்ப நாளைக்குக் கடை, மாமா?"

"கடையா? அது கிடக்கட்டும். அடுப்பும் பாவம், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டுமே. நம்ம தெருவுலேருந்து ஒரு பிள்ளை பாலம் தாண்டிப் போகப்போறதுன்னா சும்மாவா?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் திரும்பிப் போகும்போது, மூடிக் கிடந்த மில்லை ஒரு பார்வை பார்த்தார். அதை மாவுக்குட்டி கவனித்துவிட்டாள்.

மாமாவின் அடுப்பு, அக்காவின் தையல் மெஷின், அப்பாவின் உப்பில்லாத சாப்பாடு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அவள் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தன. பாடத்துக்கு இடமே இல்லை.

அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். அம்மாவிடம் போனாள்.

"அம்மா, மில்லை ஓட்டுங்க" என்று சத்தமில்லாமல் வாயசைத்தாள்.

அம்மா கையை ஆட்டி, 'என்ன?' என்றார்.

"மில்லு."

அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மாவுக்குட்டிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து, பல நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, பிறந்த மறுநாளிலிருந்து பழகிய குரலில் ஒரே கத்தாகக் கத்தினாள்.

"அம்மா! மில்லை ஓட்டுங்க! எனக்கு இந்த அமைதி ஒத்துக்கலை!"

தெருமுனையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ரொட்டிக்கடை மாமா ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றுவிட்டார்.

அம்மாவின் முகம் வாடிப்போனது. "உனக்காகத்தானே கண்ணு இதெல்லாம்? தெருவே உனக்காக வாயை மூடிட்டு இருக்கே."

"அதுதாம்மா எனக்குப் பயமா இருக்கு!" என்றாள் மாவுக்குட்டி. "நீங்க எல்லாரும் செஞ்சது நல்லதுக்குத்தான். ஆனா புத்தகத்தைத் திறந்தா பாடமே தெரிய மாட்டேங்குது. ரொட்டிக்கடை மாமாவோட காலி டின்னுதான் தெரியுது. அவருக்கு மாவு அரைச்சுக் கொடுங்கம்மா. நான் பக்கத்துல டின்னைக் கவுத்துப் போட்டு உக்காந்து படிக்கிறேன். அப்படித்தான் எனக்கு வரும்."

அம்மா யோசித்தார். "பரீட்சை எழுதற இடத்துல மில்லு ஓடாதே. அங்க என்ன பண்ணுவ?"

நல்ல கேள்வி.

"அதை அங்க போய்ப் பாத்துக்கறேன்" என்றாள். "முதல்ல இங்க படிக்கணுமில்ல?"

அம்மா அவளையே பார்த்தார். பிறகு நடந்துபோய்ப் பெரிய சுவிட்சை மேலே தள்ளினார்.

கடகட டப்! கடகட டப்!

தெருவே ஓவென்று கத்தியது. எங்கேயிருந்துதான் வந்தார்களோ, வாசலில் டின்களின் வரிசை நீண்டுவிட்டது. வரிசை தெருவைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ஆற்றின் அந்தக் கரையில் ஒரு வளைவு வளைந்து திரும்பியது என்று அப்பா சொல்வார். அப்பா சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்பலாம்.

முதல் டின் ரொட்டிக்கடை மாமாவுக்கு. மாவுக்குட்டி தன் டின்னில் உட்கார்ந்தாள்.

"கடல் தண்ணி ஆவியாகி மேல போகும்!" என்று கத்தினாள். "மேல போய்க் குளுந்து மேகமாகும்! மேகம் மழையாகும்! மழை ஆத்துல ஓடிக் கடலுக்கே திரும்பி வரும்!"

"வந்துடுச்சா? அப்பாடா!" என்றது வரிசை.

தையற்கடை அக்கா அவள் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "அரையைக் காலால வகுத்தா எவ்வளவு?"

"ரெண்டு! காலைத் தலைகீழாப் போட்டுப் பெருக்கணும்!"

"எதுக்குத் தலைகீழாப் போடணும்?"

புத்தகத்தில் போட்டிருந்தது, அதனால் போட்டாள். எதுக்கு என்று அவளை யாரும் கேட்டதில்லை, அவளும் யாரையும் கேட்டதில்லை.

"டின்னுல அரைக் கிலோ மாவு இருக்குன்னு வையுங்க" என்று மெதுவாக ஆரம்பித்தாள். மெதுவாக என்றால், அந்த வீட்டுக் கணக்கில் மெதுவாக. "அதைக் கால் கிலோ பையில போடறோம். ஒரு கிலோவுக்கு நாலு பை வரும். அப்ப அரைக் கிலோவுக்கு, நாலுல பாதி. ரெண்டு பை! அக்கா, காலால வகுக்கறதும் நாலால பெருக்கறதும் ஒண்ணுதான்! அதனாலதான் தலைகீழாப் போடறோம்!"

"அட, ஆமா!" என்றார் அக்கா. இவ்வளவு நாள் அவருக்கும் தெரியாமல்தான் இருந்தது.

பரீட்சை நாள்வரை இப்படியே நடந்தது. மாவு வாங்க வந்தவர்கள் ஒரு கேள்வி கேட்காமல் டின்னை வாங்கவில்லை.

பரீட்சை அன்று அம்மா பெரிய பள்ளிக்கூடத்தின் கேட்வரை கூட வந்தார். மாவுக்குட்டி திருடனின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

பரீட்சை ஹால் மிகப் பெரியது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்ததால் காலடிச் சத்தம்கூட இல்லை. கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். மாவுக்குட்டி முதல் கேள்வியைப் படித்தாள். எழுத்துகள் எல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தன.

அமைதி. அதே அமைதி.

'போச்சு' என்று நினைத்தாள். மேகத்தைத் தேடினாள், காணவில்லை. அம்மா கேட்ட கேள்வி காதில் கேட்டது. அங்க என்ன பண்ணுவ? அங்க என்ன பண்ணுவ?

டப். டப். டப்.

அதுவும் வந்துவிட்டது. நெஞ்சு வேகமாக அடித்தது. கையால் அழுத்தினாள், நிற்கவில்லை.

டப். டப். டப்.

மாவுக்குட்டி சட்டென்று நிமிர்ந்தாள். இந்த டப்பை அவளுக்குத் தெரியுமே! பிறந்ததிலிருந்து தெரியுமே! பெல்ட்டில் ஒட்டுப் போட்ட இடம்!

உள்ள மில்லு ஓடுது.

பொடியன் சொன்னது சரிதான். எதுவும் உடையவில்லை. மில் கூடவே வந்திருக்கிறது, அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. டப் மட்டும்தான் இருந்தது, கடகடவைக் காணோம். கடகடவுக்கு அவள் பேனாவை ஓடவிட்டாள்.

கடல் தண்ணீர் மேலே போனது, மேகமானது, மழையாக இறங்கியது. அரைக் கிலோ மாவு கால் கிலோ பைகளில் போய் உட்கார்ந்தது. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை. அதை வரிசையில் யாரும் கேட்டிருக்கவில்லை.

இடைவேளையில், மஞ்சள் ரிப்பன் கட்டிய ஒரு பெண் தூணோரம் வெளுத்துப்போய் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னாச்சு?" என்று கேட்டாள் மாவுக்குட்டி.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. இன்னொரு தாள் எழுத முடியாது போல. எனக்கு என்னமோ ஆயிடுச்சு."

"இரு, பாக்கறேன்." மாவுக்குட்டி அவள் நெஞ்சில் காதை வைத்தாள். அம்மா மெஷினைக் கவனிப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு கவனித்தாள்.

"உள்ள மில்லு ஓடுது" என்றாள்.

"என்னது?"

"மாவு மில்லு. நல்லா ஓடுது. எங்க வீட்டுதைவிட நல்ல பெல்ட்டு. ஓடற மில்லை நிறுத்தாத. நீ பாட்டுக்குக் கோதுமையைக் கொட்டு, அது பாட்டுக்கு அரைக்கும்."

மஞ்சள் ரிப்பன் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு களுக்கென்று சிரித்துவிட்டாள். "உன் தலையெல்லாம் மாவு" என்றாள்.

"தெரியும்" என்றாள் மாவுக்குட்டி பெருமையாக.

கொஞ்ச நாள் கழித்து, தேர்ச்சி பெற்றவர்களின் பெயர்களைப் பெரிய பள்ளிக்கூடத்தின் பலகையில் ஒட்டினார்கள். அம்மா மில்லை அப்பாவிடம் விட்டுவிட்டு மாவுக்குட்டியோடு போனார். பலகைக்கு முன்னால் ஒரே கூட்டம். மாவுக்குட்டி விரலால் தொட்டுத் தொட்டுத் தேடினாள். முதலில் இல்லை. இரண்டாவதாக இல்லை. நடுவில் இருந்தாள். அவள் பெயருக்கு நேர் கீழே மஞ்சள் ரிப்பனின் பெயரும் இருந்தது.

"அம்மா, இதோ! நான்!"

அம்மா பார்த்தார். அந்த வரியை விரலால் தேய்த்துப் பார்த்தார், மாவு பார்ப்பதுபோல. சுற்றிலும் கூட்டம், பெரிய பள்ளிக்கூடம், கத்தக் கூடாது. வாயைத் திறந்தார், மூடினார். கண் கலங்கியது. கடைசியில் குனிந்து, மாவுக்குட்டியின் காதருகே வாயை வைத்து, தன்னால் முடிந்த அளவு ரகசியமாகச் சொன்னார்:

"எம்பொண்ணு பாஸு!"

வாட்ச்மேனின் தொப்பி மட்டும்தான் கீழே விழுந்தது. வேறு சேதம் எதுவும் இல்லை.

இருவரும் பாலத்தின் வழியாகத் திரும்பி நடந்தார்கள். தெருமுனைக்கு வந்தபோது மில் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் வெள்ளைப் பூனை உட்கார்ந்திருந்தது. ஒருவரும் இன்னும் போய்ச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் ரகசியம் பாலம் தாண்டி எட்டிவிட்டதோ என்னவோ, ரொட்டிக்கடை மாமா அதற்குள் மாவு பிசைந்து, அடுப்பை மூட்டி, தெருவுக்கே ரொட்டி சுட்டு, முதல் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.